குடல் சுவர்: எதனால் கசிகிறது, எதனால் தேறுகிறது

பெருங்குடலில் உள்ள ஒரு கிராம் கழிவில் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அந்தக் கழிவுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு வரிசை செல்கள். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தோலைப் போலப் பல அடுக்காக இருந்திருந்தால் கிருமி நுழையாது, ஆனால் சாப்பிட்ட சோறும் உடம்பில் சேராது. சத்தை உள்ளே விட வேண்டும், கிருமியையும் அதன் நச்சையும் வெளியே நிறுத்த வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே சுவர் ஒரே நேரத்தில் செய்கிறது. இதைத்தான் மருத்துவத்தில் குடலின் தடுப்பரண் என்கிறார்கள்.

இந்தச் சுவரின் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய பாடநூல்களில் இருக்கும். 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில் சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. இதில் பெரும்பகுதி சிறுகுடல். பெருங்குடலின் பங்கு 2 சதுர மீட்டர் அளவே.

இந்தச் செல்களுக்கு ஆயுள் 3 முதல் 5 நாள். குடலுறிஞ்சிகளின் (சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண் மடிப்புகளின்) அடிப்பள்ளத்தில் உள்ள ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிந்து புதுச் செல்களை மேலே தள்ளுகின்றன. நுனிக்கு வந்தவை உதிர்ந்துவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. தொந்தரவை நிறுத்தினால் குடல் பெரும்பாலும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். அதே தொந்தரவு தினமும் தொடர்ந்தால் எந்தப் பொடியும் கஷாயமும் அதை ஈடுகட்டாது.

சுவரில் என்னென்ன இருக்கின்றன

முதலில் கோழைப் படலம். கோப்பைச் செல்கள் சுரக்கும் மியூசின்-2 என்ற புரதம் தண்ணீரை உறிஞ்சி உப்பி, வெண்டைக்காயை அரிந்தால் வரும் வழுவழுப்பைப் போல ஒரு படலமாகிறது. சிறுகுடலில் இது ஒரே அடுக்கு, அதுவும் தளர்வானது. சத்து புகுந்து போக வழி வேண்டுமே. பெருங்குடலில் இரண்டு அடுக்கு. வெளியடுக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். செல்லோடு ஒட்டிய உள்ளடுக்கு மிக நெருக்கமானது, அதற்குள் பாக்டீரியா கிட்டத்தட்ட இருக்காது. மியூசின்-2 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி வந்தது, பிறகு குடல் புற்றுநோயும் வந்தது. இந்தக் கோழை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அது போதும்.

அடுத்தது செல் வரிசை. பக்கத்துப் பக்கத்துச் செல்களை மேல் விளிம்பில் சேர்த்துத் தைப்பவை இறுக்கச் சந்திப்புகள். கிளாடின், ஒக்லூடின் என்ற புரதங்களால் ஆனவை. செல்லுக்குள் இருக்கும் தசை போன்ற இழைகளோடு இவை கட்டப்பட்டிருப்பதால் தேவைக்கேற்பத் தளரவும் இறுகவும் முடியும். இதுதவிர, பேனெத் செல்கள் கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரக்கின்றன. இம்யூனோகுளோபுலின்-ஏ என்ற எதிர்ப்பொருள் தினமும் சில கிராம் அளவுக்குக் குடலுக்குள் கொட்டப்பட்டுக் கிருமிகளைச் சுவரில் ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

கசிவு என்பது ஒரே விதமானதல்ல. கிளாடின்-2 அதிகமானால் சோடியமும் தண்ணீரும் போகும் நுண்துளைகள் பெருகும், விளைவு பேதி. வீக்கம் இருக்கும்போது சுரக்கும் டி.என்.எஃப். என்ற வேதிப்பொருள் செல் இழைகளை இழுத்துச் சந்திப்புகளைத் தளர்த்தும். அப்போது கொஞ்சம் பெரிய மூலக்கூறுகளும் புகும். மூன்றாவது, செல்லே செத்து உதிர்ந்து புண்ணாகும் நிலை. முழு பாக்டீரியாவும் நுழையக்கூடிய இந்த நிலைதான் ஆபத்தானது. விளம்பரங்கள் சந்திப்புகளைப் பற்றியே பேசுகின்றன. மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி.

வலி மாத்திரை: கண்ணுக்குப் படாத காயம்

அன்றாட வாழ்க்கையில் குடல் சுவரைக் கெடுப்பவற்றில் முதலிடத்தில் வைக்க வேண்டியது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், இண்டோமெதசின் போன்ற வலி மாத்திரைகள். மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலி" என்று சொன்னதும் கவரில் போட்டுத் தரும் செட் மாத்திரையில் இவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

இவை குடலை மூன்று வழியில் தாக்குகின்றன. மாத்திரை நேரடியாகச் செல்லுக்குள் புகுந்து அதன் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவைக் குலைக்கிறது. ஆற்றல் இல்லாத செல்லால் சந்திப்பை இறுக்கிப் பிடிக்க முடியாது. இரண்டாவதாக, புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் உற்பத்தியை நிறுத்துகிறது. வலியைக் குறைப்பது இதுதான். ஆனால் குடலுக்கு ரத்த ஓட்டத்தையும் கோழைச் சுரப்பையும் பேணுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். மூன்றாவதாக, கல்லீரல் அந்த மருந்தைப் பித்தநீரோடு திரும்பக் குடலுக்கே அனுப்புகிறது. குடல் பாக்டீரியாக்கள் அதன் கட்டை அவிழ்க்க, மருந்து மறுபடி உறிஞ்சப்பட்டு மறுபடி பித்தத்தில் வருகிறது. ஒரே மாத்திரை சிறுகுடலைப் பல சுற்று தொடுகிறது. ஊசியாகப் போட்டாலும் இந்தச் சுற்று நிற்காது.

கூடவே "கேஸ் மாத்திரை" போட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒமெப்ரசோலும் பான்டோப்ரசோலும் இரைப்பைக்குக் காவல் தரும், அதில் சந்தேகமில்லை. சிறுகுடலின் பெரும்பகுதியில் அமிலமே கிடையாது, அங்கே அவற்றுக்கு வேலையும் இல்லை. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 40 பேருக்கு டைக்ளோஃபெனாக் 75 மி.கி. தினம் இருமுறை, 14 நாள், ஒமெப்ரசோலோடு சேர்த்தே தரப்பட்டது. பிறகு மாத்திரை வடிவக் கேமராவை விழுங்கச் சொல்லிச் சிறுகுடலைப் பார்த்தார்கள். 68 சதவீதம் பேருக்குப் புதிய காயங்கள்: சிவந்த திட்டுகள், தோல் உரிந்தது போன்ற இடங்கள், புண்கள். எலிகளில் செய்த ஆய்வுகளில், இரைப்பை அமிலம் குறைந்ததால் சிறுகுடல் பாக்டீரியாக்கள் மாறி, காயம் இன்னும் கூடியதும் தெரிந்தது.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, குடிப்பவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு. மூட்டு வலி ஓரிடத்தில் மட்டும் என்றால் அதே டைக்ளோஃபெனாக்கை ஜெல்லாகத் தடவலாம், ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. மாத்திரைதான் வேண்டும் என்றால் குறைந்த அளவு, குறைந்த நாள். இரண்டு வகை வலி மாத்திரையை ஒன்றாகப் போடவே கூடாது. கூட்டு மாத்திரைகளில் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கலாம் என்பதால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு விதிவிலக்கு: இதயத்துக்காக மருத்துவர் எழுதிய குறைந்த அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மது, வெயில், பதற்றம்

மது குடலில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அது இறுக்கச் சந்திப்புகளைத் தளர்த்தும். பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற நச்சு அந்த வழியாக ரத்தத்துக்கு வந்து, நேரே கல்லீரலைச் சேர்கிறது. குடியால் கல்லீரல் வீங்குவதில் இந்த வழிக்குக் கணிசமான பங்கு உண்டு. ஒரே மூச்சில் நிறையக் குடித்த ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலும் சில மணி நேரத்துக்குள் எண்டோடாக்சின் உயர்ந்திருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள்தானே என்ற சமாதானம் குடலிடம் செல்லாது.

வெயிலில் கடுமையாக உழைக்கும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கலாம். உடலின் உள்வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சந்திப்புகளும் தளர்கின்றன. மாரத்தான் ஓடுபவர்களுக்கு ஓட்டத்தின் நடுவே வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வருவது இதனால்தான். வெயில் தாக்கி மயங்கி விழுபவர்களுக்கு உடல் முழுதும் அழற்சி பரவுவதிலும் இதற்குப் பங்கு இருக்கிறது. ஓடுவதற்கு முன்பே ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்ளும் பழக்கம் மிகத் தவறானது: 2012-ல் டச்சு ஆய்வாளர்கள், 400 மி.கி. மாத்திரையை இருமுறை போட்டுவிட்டு சைக்கிள் ஓட்டியவர்களுக்குக் குடல் காயம் கூடியதைக் காட்டினார்கள். சித்திரை வெயிலில் கட்டட வேலையும் வயல் வேலையும் செய்பவர்களுக்கு நிழலில் இடைவேளையும், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடிக்கும் உப்புப் போட்ட நீர்மோரும் குடலைக் காக்கும் ஏற்பாடுகள்தான். உடம்பு வலிக்கிறது என்று காலையிலேயே மாத்திரை போட்டுவிட்டு வெயிலில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

மனப் பதற்றத்துக்கும் இதில் இடம் உண்டு. 2014-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைப் பலர் முன்னிலையில் பேசவைத்து அளந்தபோது, யாருக்குக் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் உயர்ந்ததோ அவர்களுக்குச் சிறுகுடல் கசிவும் கூடியது. மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைக் கட்டுப்படுத்தும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது கூடவில்லை. அதாவது மூளையின் சமிக்ஞை எந்தச் செல் வழியாகக் குடலுக்கு வருகிறது என்பதுவரை தெரிகிறது.

நார்ச்சத்து இல்லாவிட்டால் பாக்டீரியா எதைத் தின்னும்?

நாம் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களின் பிரதான எரிபொருள். அவற்றின் ஆற்றலில் 60 முதல் 70 சதவீதம் இதிலிருந்து வருகிறது. ரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸை நம்பியிராமல், கழிவுப் பக்கத்திலிருந்தே உணவு எடுக்கும் விசித்திரமான செல்கள் இவை.

நார் வரவில்லை என்றால் பாக்டீரியாக்கள் பட்டினி கிடப்பதில்லை. கோழையில் உள்ள சர்க்கரைகளைத் தின்னத் தொடங்குகின்றன. 2016-ல் செய்த ஆய்வு ஒன்றில், மனிதக் குடலில் வாழும் 14 வகை பாக்டீரியாக்களை மட்டும் எலிகளில் குடியேற்றி, நாரில்லாத தீனி கொடுத்தார்கள். கோழைப் படலம் மெலிந்தது. பிறகு ஒரு குடல் கிருமியைக் கொடுத்தபோது, நார் தின்ற எலிகள் தாக்குப்பிடித்த அதே தொற்றில் இவை கடுமையாக நோயுற்றன.

எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கப் பதப்படுத்திய உணவுகளில் சேர்க்கும் குழம்பாக்கிகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஐஸ்கிரீம், பாக்கெட் சாஸ், சில பேக்கரிப் பொருட்களில் வரும் கார்பாக்சிமீதைல் செல்லுலோஸ் என்பதை 2022-ல் மனிதர்களிடம் சோதித்தார்கள்: 16 பேர், 11 நாள், ஒரு பிரிவுக்குத் தினம் 15 கிராம். குடல் பாக்டீரியாக் கலவை மாறியது. இரண்டு பேருக்குப் பாக்டீரியாக்கள் கோழையின் உள்ளடுக்குக்குள் நெருங்கி வந்திருந்தன. 15 கிராம் என்பது வழக்கமான அளவைவிட மிக அதிகம், ஆட்களும் குறைவு. ஒரு ஐஸ்கிரீமைப் பார்த்துப் பயப்பட இது காரணமாகாது. தினமும் பாக்கெட் உணவிலேயே ஓடும் வீட்டில் அதைக் குறைக்க இது நல்ல காரணம்.

பெரியவர்களுக்குத் தினம் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீட்டிய வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம்கூடத் தேறாது. கேழ்வரகில் சுமார் 11, உலர்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 25. எனவே சோற்றை மாற்றுவதைவிடத் தட்டில் சுண்டலும் கீரையும் பொரியலும் கூடுவதே எளிய வழி. மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் அன்றைய தேவையில் ஏறக்குறைய பாதி வந்துவிடும். பலரும் ஒரே நாளில் நாரை இரட்டிப்பாக்கி, வயிறு உப்பி, "எனக்கு ஒத்துக்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள், தண்ணீரும் கூட வேண்டும். குரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சியால் குடல் சுருங்கியவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நாரைக் கூட்டக் கூடாது.

பழைய சோற்றைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். வடித்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவமாக இறுகுகிறது. ஓர் அளவீட்டில் சூடான வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது, 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம் ஆனது. நல்லதுதான், ஆனால் அளவு சிறியது. சுண்டலின் இடத்தை அது பிடிக்காது. ஊறவைப்பதாக இருந்தால் சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி மூடுங்கள். பிசுபிசுத்தாலோ கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். சூடாக்கினால் சரியாகிவிடாது, சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நச்சு கொதித்தாலும் அழியாது.

தொற்றும் சுற்றுப்புறமும்

பேதி உண்டாக்கும் கிருமிகள் இந்தச் சுவரின் கட்டமைப்பை நன்றாகவே அறிந்தவை. காலராக் கிருமி ஒக்லூடினை வெட்டும் நொதியைச் சுரக்கிறது. ஆன்டிபயாடிக் போட்ட பிறகு பெருகும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், செல் இழைகளையே குலைக்கும் நச்சைச் சுரக்கிறது. சளிக்கும் சாதாரண பேதிக்கும் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவும் காரணம்.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய தொடர்பு இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் வடஆற்காடு கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற, சத்து உறிஞ்சப்படாத நோய் கொள்ளைநோயாகவே பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நோய் இல்லாத சாதாரண மக்களின் குடலுறிஞ்சிகள்கூட இங்கே குளிர்நாட்டு மக்களுடையதைவிடக் குட்டையாக இருந்தன. பிறவிக் குணமா, சூழலா? அதே காலத்தில் பாகிஸ்தானில் தங்கிய அமெரிக்கத் தன்னார்வலர்களுக்கும் குடல் இதேபோல மாறியது, ஊர் திரும்பிய பிறகு பழைய நிலைக்கு வந்தது. சூழல்தான். அசுத்தமான தண்ணீரிலும் மண்ணிலும் திரும்பத் திரும்பக் கிருமியைச் சந்திக்கும் குழந்தைகளின் குடல் வெளியே தெரியாமல் கசிந்து, உயரத்தையும் எடையையும் பாதிக்கிறது. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் எளிய கழிப்பறையும் கை கழுவும் வசதியும் தந்து பார்த்த பெரிய ஆய்வுகளில் குழந்தைகள் உயரம் கூடவில்லை. அரைகுறைச் சுகாதாரம் போதாது, குழாயில் நல்ல தண்ணீரும் மூடிய சாக்கடையும் வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு கூடிப்போகும், பாதி பாக்கெட் போட்டால் பயன்படாது. இனிப்பான டெட்ரா பேக் பானங்கள் இதற்கு மாற்றல்ல. சர்க்கரை கூடியது பேதியைக் கூட்டும். குழந்தைகளுக்கு இதோடு ஜிங்க்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி., 10 முதல் 14 நாள். பேதி நின்றதும் ஜிங்க்கை நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. சுவர் முழுதாகத் தேறுவதற்காகத்தான் மீதி நாட்கள். சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது, குடலுறிஞ்சிகள் பட்டினியில் சுருங்கும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் தொடரட்டும். எதிர்ப்பொருளும் செல்லை வளர்க்கும் காரணிகளும் அதில் இருக்கின்றன; குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகும் நோய் தாய்ப்பால் குடிப்பவர்களிடம் குறைவு.

வேலூரில் செய்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த இடத்தில் மனதில் நிற்கிறது. காலரா வந்த 48 இளையோரும் பெரியவர்களும். ஒரு பிரிவினருக்கு ஓ.ஆர்.எஸ். லிட்டருக்குச் செரிக்காத மக்காச்சோள மாவு 50 கிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். பேதி நீடித்த நேரம் சுமார் 91 மணியிலிருந்து 57 மணியாகக் குறைந்தது. அந்த மாவு பெருங்குடலுக்குப் போய் குறுஞ்சங்கிலி அமிலங்களாகி, அந்த அமிலங்களோடு சோடியத்தையும் தண்ணீரையும் குடல் இழுத்துக்கொண்டதுதான் இதன் சூட்சுமம்.

கோதுமை, சோதனைகள், பொடிகள்

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் எல்லோருடைய குடலையும் ஓட்டையாக்குகிறது என்பது மிகைப்பேச்சு. குளூட்டனால் குடல் சுவர் சிதையும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது கட்டாயம் விலக்க வேண்டியது. இந்தியாவில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் அந்த நோய் இருந்தது. சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம்.

கசிவை அளக்க ஆய்வுகளில் பயன்படுவது லாக்டுலோஸ்–மானிட்டால் சோதனை. வெறும் வயிற்றில் இரண்டு சர்க்கரைகளையும் குடிக்கவைத்து, ஐந்து மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பார்கள். சின்ன மூலக்கூறான மானிட்டால் எளிதில் புகும், பெரிதான லாக்டுலோஸ் மிகக் குறைவாகவே புகும்; லாக்டுலோஸ் பங்கு கூடினால் கசிவு. முந்தின நாள் காளானோ சர்க்கரையில்லா மிட்டாயோ சாப்பிட்டிருந்தால் அவற்றிலுள்ள மானிட்டால் கணக்கைக் கெடுக்கும். சந்திப்புகளைத் தளர்த்தும் சோனுலின் என்ற புரதத்தை அளப்பதாக விற்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தக் கிட்டுகள் சோனுலினை அல்லாமல் வேறு புரதங்களைப் பிடிக்கின்றன என்பது 2018-லேயே வெளிவந்துவிட்டது. சந்திப்புகளை இறுக்கும் என்று எதிர்பார்த்த லாரசோடைட் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையும் 2022-ல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது.

குளூட்டமைன் என்ற அமினோ அமிலப் பொடிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, குறுகிய வட்டத்துக்குள். தொற்றுக்குப் பின் பேதி நிற்காமல், குடல் கசிவும் அளவீட்டில் உறுதியானவர்களுக்கு 5 கிராம் தினம் மூன்று முறை எட்டு வாரம் கொடுத்தபோது நல்ல பலன் இருந்தது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் உறுப்புகள் செயலிழந்த நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்த 2013 ஆய்வில் இறப்பு கூடியது. யாரோ சொன்னார்கள் என்று வாங்கிக் கலக்கும் பொருளல்ல அது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை, நான்கு வாரத்துக்கு மேல் நீளும் வயிற்றுப்போக்கு: இவற்றில் எது இருந்தாலும் குடல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது கடந்த ஒரு மாதத்தில் போட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், செட்டாக வாங்கியவை உட்பட, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.